பச்சைக் குழந்தைகளின் சாவும் ஒற்றை வரிப் பதிலும்

கரையான்சாவடி:

ஆலையில் ஒரு யந்திரம் நின்று போனால் என்ன நடக்கும் என்பது தொழிலாளிக்குத் தெரியும். சூபர்வைசர் ஓடி வருவார். எஞ்சினியர் வருவார். எந்த ஷிப்டில் நின்றது, எந்தப் பாகம் உடைந்தது, கடைசியாக எண்ணெய் விட்டது யார், பழுது பார்த்தது எப்போது, எத்தனை மணி நேரம் உற்பத்தி நஷ்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எல்லாம் ரிஜிஸ்தரில் ஏறும். இனி இந்தப் பழுது வரக்கூடாது என்று மேலிடத்து உத்தரவும் வரும். முதலாளிக்கு யந்திரம் அவ்வளவு அருமை!

அதே தொழிலாளியின் மனைவி பெற்ற பிள்ளை மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினால் என்ன நடக்கிறது? "எடை குறைவு" என்று ஒரு வரி. "மூச்சுத் திணறல்" என்று ஒரு வரி. துணியில் சுற்றிய சிறு உடல் தகப்பன் கையில் கொடுக்கப்படுகிறது. பைல் மூடப்படுகிறது.

யந்திரத்துக்கு நடக்கும் விசாரணையில் பாதியாவது மனிதக் குழந்தைக்கு நடக்க வேண்டாமா? இதுதான் நாம் கேட்கும் கேள்வி. விசாரணையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. விதி இருக்கிறது, படிவம் இருக்கிறது, கமிட்டி இருக்கிறது. ஆனால் அந்த விசாரணை உண்மையைத் தேடுகிறதா அல்லது பைலை மூடுவதற்காக நடக்கிறதா என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

தருமபுரி சொன்ன பாடம்

2014 நவம்பர் மாதத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சில நாட்களுக்குள் 11 பச்சைக் குழந்தைகள் இறந்தன. தமிழகமே திடுக்கிட்டது. பத்திரிகைகள் எழுதின, கட்சிகள் ஆர்ப்பாட்டம் செய்தன, சென்னையிலிருந்து அதிகாரிகளும் டாக்டர்களும் விரைந்தார்கள். அதற்குப் பிறகு சர்க்கார் தரப்பிலிருந்து வந்த விளக்கம் என்ன? குழந்தைகள் எடை குறைந்தவை, பிறக்கும்போதே மூச்சுத் திணறியவை என்பதே அந்த விளக்கத்தின் சாரம்.

இது பொய் என்று நாம் சொல்லவில்லை. எடை குறைந்த குழந்தைதான் அதிகம் சாகிறது என்பது வைத்திய சாஸ்திரம் அறிந்த உண்மை. ஆனால் இது பதிலா? இல்லை! கேள்வி இங்கேதான் ஆரம்பமாகிறது.

குழந்தை ஏன் எடை குறைந்து பிறந்தது? தாய்க்கு ரத்தம் இல்லை. ஏன் ரத்தம் இல்லை? கர்ப்ப காலத்தில் அவள் வயிறாரச் சாப்பிடவில்லை, இரும்புச் சத்து மாத்திரையும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஏன் சாப்பிடவில்லை? எட்டாம் மாதத்திலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனால்தான் அன்றைய அடுப்பு எரியும். சரி, ரத்தம் இல்லை என்பது சோதனையில் தெரிந்ததா? தெரிந்தது என்றால் அப்போது என்ன சிகிச்சை கொடுத்தார்கள்? பிரசவம் முன்கூட்டியே வந்துவிடும் என்று தெரிந்தபோது, குழந்தையின் நுரையீரல் பலப்படுவதற்காகத் தாய்க்குப் போட வேண்டிய ஊசியைப் போட்டார்களா? பிறந்த குழந்தைக்கு வெதுவெதுப்புக் கொடுக்கும் கருவி காலியாக இருந்ததா, அல்லது ஒரே கருவியில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடந்தனவா? அன்றிரவு அந்த வார்டில் எத்தனை நர்ஸ், எத்தனை குழந்தை?

ஒவ்வொரு "ஏன்" என்ற கேள்விக்கும் பின்னால் ஒரு மனிதனோ, ஒரு நிர்வாகமோ, ஒரு பட்ஜெட் முடிவோ நிற்கிறது. "எடை குறைவு" என்ற ஒற்றை வரி அத்தனையையும் திரை போட்டு மறைக்கிறது. அந்தத் திரைக்குப் பெயர் வைத்தியக் காரணம். திரைக்குப் பின்னால் இருப்பது சமுதாயக் காரணம்.

1845-லேயே எங்கெல்ஸ் மான்செஸ்டர் நகரத்துக் கணக்கை எடுத்துக் காட்டினார். தொழிலாளர் குடும்பத்துக் குழந்தைகளில் நூற்றுக்கு 57-க்கு மேல் ஐந்து வயதாகுமுன்னே செத்தன. மேல் வர்க்கத்தாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 20. காய்ச்சலும் பேதியும் இரண்டு வீட்டுக்கும் பொதுதான். சாவு மட்டும் ஏன் ஒரு வீட்டில் மும்மடங்கு? இந்தக் கேள்வியைக் கேட்காத விசாரணை விசாரணை ஆகாது.

"தமிழ்நாடுதான் முன்னணியில் இருக்கிறதே!"

இதைச் சொன்னவுடன் அதிகாரிகள் ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து நம் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். 2020-ம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் பிறந்த 28 நாட்களுக்குள் இறந்தவை இந்தியா முழுவதும் 20, தமிழ்நாட்டில் 9. பாதிக்கும் குறைவு! இன்னும் என்ன வேண்டும் என்பார்கள்.

இந்த முன்னேற்றம் கிராமத்துச் சுகாதார நர்ஸும், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரும், 108 வண்டி ஓட்டுநரும் உழைத்துக் கொண்டு வந்த முன்னேற்றம். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21 சொல்கிறபடி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. இது பெருமைதான்.

ஆனால் தோழர்களே, இந்தப் பெருமைக்குள்ளேயே ஒரு கேள்வி இருக்கிறது. பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது என்றால், பச்சைக் குழந்தையின் சாவும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் சுவருக்குள்தானே நடக்கிறது? முன்பு "வீட்டிலே மருத்துவச்சி பார்த்தாள், அதனால் செத்தது" என்று சொல்லித் தப்பிக்க முடிந்தது. இப்போது அந்தச் சாக்கு இல்லை. டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், ரிஜிஸ்தர் இருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்க இதைவிட என்ன வசதி வேண்டும்?

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அதே 2020-ல் அங்கே ஆயிரத்துக்கு 4. நம்மிடம் 9. அப்போது தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஏறத்தாழ 9 லட்சம் குழந்தைகள் பிறந்தன. ஆயிரத்துக்கு 9 என்றால் வருஷத்துக்கு 8,000-க்கு மேல். கேரளத்தின் அளவுக்கு நாம் வந்திருந்தால் 3,600. நடுவில் இருக்கும் 4,500 குழந்தைகள் யார்? அவை பண்ணையார் வீட்டுக் குழந்தைகளா, பங்களாவாசிகளின் குழந்தைகளா? பெரும்பாலும் நம் வீட்டுக் குழந்தைகள்! நாளொன்றுக்கு ஒரு டஜன்! இவை காப்பாற்ற முடியாத உயிர்கள் என்று எவனாவது சொன்னால், ஒரு மலைத்தொடரைத் தாண்டினால் மட்டும் எப்படிக் காப்பாற்ற முடிகிறது என்று கேளுங்கள்.

மூன்று தாமதங்கள்

சாவை ஆராய்கிறவர்கள் மூன்று தாமதங்களைப் பற்றிச் சொல்வதுண்டு. ஆபத்து என்று உணர்ந்து புறப்பட முடிவு செய்வதில் தாமதம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதில் தாமதம். போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நம் பகுதியை வைத்தே இதைப் புரிந்து கொள்ளலாம்.

கரையான்சாவடிப் பக்கம் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கணவன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காண்ட்ராக்ட் தொழிலாளி, இரவு ஷிப்ட். ஏழாம் மாதத்தில் நடுச்சாமத்தில் வலி வருகிறது. கணவனுக்குப் போன் அடிக்கிறார். கம்பெனி வாசலில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். மாமியார் விடியட்டும் என்கிறார். இது முதல் தாமதம். இதை "தாயின் அறியாமை" என்று படிவத்தில் எழுதலாம். ஆனால் அவசரத்துக்குக்கூடத் தொழிலாளியை அழைக்க வழி வைக்காத கம்பெனியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

விடியற்காலை வண்டி வருகிறது. முதலில் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே குறைமாதக் குழந்தையைப் பார்க்க வசதி இல்லை. எழும்பூருக்குப் போ என்கிறார்கள். ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மெட்ரோ ரயில் தூண்கள் எழுந்த காலத்தில் இந்தச் சாலை எப்படி இருந்தது என்பது இங்கே குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். இது இரண்டாம் தாமதம். பூந்தமல்லி, திருவேற்காடு, ஆவடி, அம்பத்தூர் என்று தொழிற்சாலையும் குடியிருப்பும் மளமளவென்று பெருகின. அதே வேகத்தில் குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் வார்டு பெருகியதா?

எழும்பூரில் இறக்கியதும் சீட்டுப் போடுவது, படுக்கை தேடுவது, பெரிய டாக்டர் வருவது. இது மூன்றாம் தாமதம். குழந்தை பிறக்கிறது. அழவில்லை. பிறந்து ஒரு நிமிஷத்துக்குள் முகமூடிப் பையை வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். அந்தப் பை கைக்கெட்டும் இடத்தில் இருந்ததா? அதைப் பிடிக்கப் பழகிய கை அங்கே இருந்ததா?

கடைசியில் ரிஜிஸ்தரில் ஏறுவது "குறைமாதம், மூச்சுத் திணறல்" என்ற இரண்டு சொற்கள். அந்த இரவில் நடந்த முழுக் கதையும் இரண்டு சொல்லில் புதைக்கப்படுகிறது. புதைத்ததைத் தோண்டி எடுப்பதற்குப் பெயர்தான் மரண ஆய்வு.

காகிதத்தில் இருக்கும் விதி

குழந்தை மரணங்களை ஆய்வு செய்யும் வழிமுறைகளை இந்திய சர்க்காரே 2014-ல் வெளியிட்டது. ஆஸ்பத்திரியில் நடக்கும் சாவை ஆஸ்பத்திரியிலே ஆராய வேண்டும். ஊரில் நடக்கும் சாவை வீட்டாரிடம் நேரில் கேட்டு விசாரிக்க வேண்டும். ஜில்லா மட்டத்தில் பரிசீலனை நடக்க வேண்டும். 2016-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் பச்சைக் குழந்தைகளின் சாவையும், உயிரற்றுப் பிறப்பதையும் ஆராய்வதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் ஆறு படிகள்: சாவை அடையாளம் காண்பது, விவரம் திரட்டுவது, காரணத்தை அலசுவது, பரிகாரம் சொல்வது, பரிகாரத்தை நடத்தி முடிப்பது, நடந்ததா என்று திரும்பப் பார்ப்பது.

ஆறு படிகளில் முதல் மூன்று படிகளுக்குக் காகிதம் போதும். அடுத்த மூன்றுக்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், மனம் வேண்டும். ஆகவே வண்டி மூன்றாம் படியிலேயே நின்று விடுகிறது. "கர்ப்பிணிகளுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று ஒரு வாக்கியத்தை எழுதிக் கூட்டத்தை முடித்தால் அது பரிகாரம் ஆகுமா? யார் ஏற்படுத்துவது? எந்தத் தேதிக்குள்? எவ்வளவு செலவில்? நடந்ததா என்று யார் பார்ப்பது? இந்த நான்கு கேள்விக்கும் பதில் இல்லாத பரிகாரம் வெறும் உபதேசம்தான். உபதேசம் குழந்தையைக் காப்பாற்றாது.

இன்னொரு தந்திரத்தையும் உழைப்பாளி மக்கள் அறிந்து கொள்ள வேண்டும். பிறந்து சில மூச்சுகள் விட்டு அடங்கிய குழந்தையை "உயிரற்றுப் பிறந்தது" என்று எழுதிவிட்டால், அது பச்சைக் குழந்தைச் சாவுக் கணக்கில் சேராது. விகிதமும் குறைந்து காட்டும். இப்படிக் கணக்கு மாறிப் போவது பல நாடுகளில் கண்டறியப்பட்ட சங்கதி. அழுத குழந்தையை அழவில்லை என்று எழுதுவது தாயின் கண்ணீரையே திருடுவதாகும்.

தனியார் நர்சிங் ஹோம்களின் வழக்கத்தை நாடே அறியும். கையில் காசு இருக்கிற வரை வைத்துக் கொள்வது, நிலைமை கைமீறியதும் "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று நடுராத்திரியில் அனுப்புவது. குழந்தை சர்க்கார் ஆஸ்பத்திரியில் சாகிறது. சாவு சர்க்கார் ஆஸ்பத்திரிக் கணக்கில். லாபம் தனியார் கணக்கில்! விசாரணை சாவு நடந்த கட்டிலோடு நின்றால் இது வெளிவருமா? அனுப்பிய இடம் வரை விசாரணை திரும்பிப் போக வேண்டாமா?

பலி ஆடு தேடும் நாடகம்

மூடி மறைக்க முடியாத அளவுக்குச் சாவு பெருகிவிட்டால், ஆளும் கூட்டம் வேறொரு வழியைக் கையாளுகிறது. ஒரு ஆளைப் பிடித்து முன்னால் நிறுத்துகிறது.

2017 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பி.ஆர்.டி. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சில நாட்களுக்குள் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. ஆக்சிஜன் சப்ளை செய்த கம்பெனிக்கு ஆஸ்பத்திரி பல லட்சம் ரூபாய் பாக்கி வைத்திருந்தது. சப்ளை தடைப்பட்டது. ஆக்சிஜன் இல்லாமல் சாகவில்லை என்று மாநில சர்க்கார் சாதித்தது. குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த டாக்டர் கபீல் கானை சஸ்பெண்டு செய்தது, செப்டம்பரில் சிறையில் அடைத்தது. 2018 ஏப்ரலில்தான் அலகாபாத் ஹைகோர்ட்டு அவரை ஜாமீனில் விட்டது. வைத்திய அலட்சியக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று துறை விசாரணை அறிக்கையே சொன்னது 2019-ல் வெளிவந்தது. ஆனாலும் 2021 நவம்பரில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் நாந்தேட் அரசு ஆஸ்பத்திரியில் 24 மணி நேரத்தில் 24 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் பச்சைக் குழந்தைகள். ஆளும் கூட்டணி எம்.பி. ஒருவர் அங்கே வந்து, ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர் கையில் துடைப்பத்தைக் கொடுத்துக் கக்கூசைக் கழுவ வைத்தார். காமிராக்கள் படம் பிடித்தன. டாக்டரை அவமானப்படுத்தினால் மருந்து அலமாரி நிரம்புமா? காலியான நர்ஸ் பதவி நிரம்புமா? பணம் ஒதுக்க வேண்டிய கூட்டமே துடைப்பத்தைக் காட்டி ஜனங்களை ஏமாற்றுகிறது!

இந்த இடத்தில் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தையைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் வார்டு கண்ணாடியை உடைப்பதும், கையில் அகப்பட்ட நர்ஸை அடிப்பதும் அங்கங்கே நடக்கிறது. அந்த வேதனை நமக்குப் புரியாததல்ல. ஆனால் யாரை அடிக்கிறோம்? 2015-ல் தமிழக சர்க்கார் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு எடுத்த நர்ஸ்களை நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களும் கூலி உழைப்பாளிகள்தான். ஒரு ஆள் நான்கு ஆள் வேலையைப் பார்க்கும் வார்டில் தவறு நடக்கும். நாலு தறியைப் பார்க்கிறவனிடம் பதினாறு தறியைக் கொடுத்தால் நூல் அறுவதற்கு யார் பொறுப்பு? நர்ஸை அடித்தால் நிர்வாகம் உள்ளூர மகிழும். கேஸ் நம்மீது விழும். குழந்தை செத்த விவகாரம் அடிதடி விவகாரமாக மாறிப் போகும்.

வேறொன்றும் உண்டு. உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்றால் எந்த நர்ஸ் உண்மையை எழுதுவார்? "ராத்திரி 2 மணிக்கு டாக்டரைக் கூப்பிட்டேன், 4 மணிக்குத்தான் வந்தார்" என்று எழுத யாருக்குத் துணிவு வரும்? பயம் இருக்கும் இடத்தில் ரிஜிஸ்தர் பொய் பேசும். ஆகவே தெரிந்தே குற்றம் செய்தவனைச் சட்டம் பார்த்துக் கொள்ளட்டும். மரண ஆய்வு தண்டிக்கும் மேடையாக இருக்கக் கூடாது. எங்கே ஓட்டை என்று கண்டு அடைக்கும் பட்டறையாக இருக்க வேண்டும்.

தாயைக் கேட்காத விசாரணை

சாவைப் பற்றி ஆஸ்பத்திரியில் கூட்டம் நடக்கிறது. பெரிய டாக்டர் இருக்கிறார், அதிகாரி இருக்கிறார், பைல் இருக்கிறது. பெற்றவள் எங்கே? அவள் வீட்டில் பால் கட்டிய மார்போடு அழுது கொண்டிருக்கிறாள். வலி எப்போது வந்தது, யாரிடம் சொன்னாள், என்ன பதில் வந்தது, எத்தனை மணிக்குக் குழந்தை துவண்டது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவளிடம் எவரும் கேட்பதில்லை. விசாரணை முடிவையும் அவளுக்குச் சொல்வதில்லை.

இங்கிலாந்து பணக்கார நாடு. அங்கேயும் இதே கதை நடந்தது. ஷ்ரூஸ்பரி-டெல்போர்டு ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்கள் விடாமல் கேள்வி கேட்டன. முதலில் 23 குடும்பங்களின் விவகாரமாக 2017-ல் விசாரணை ஆரம்பமாயிற்று. ஊர் ஊராக மற்றவர்களும் வாய் திறந்தார்கள். டானா ஒக்கென்டன் தலைமையில் நடந்த விசாரணை 2022 மார்ச்சில் அறிக்கை கொடுத்தபோது 1,486 குடும்பங்களின் கதை அதில் இருந்தது. நல்ல கவனிப்பு இருந்திருந்தால் 201 குழந்தைகளும் 9 தாய்மாரும் பிழைத்திருக்கலாம் என்று அது கூறியது. அதுவரை அந்த ஆஸ்பத்திரி என்ன செய்தது? சாவுகளைப் பெரிய விசாரணைக்கு அனுப்பாமல் உள்ளுக்குள்ளேயே சிறிய ஆய்வாகச் சுருக்கி, வெளியார் கண் படாமல் பார்த்துக் கொண்டது. தாய்மாரின் மேலேயே பழி போட்டது. இரண்டு குடும்பங்களின் பிடிவாதம் பதினாயிரம் பைல்கள் செய்யாததைச் செய்தது.

தென்னாப்பிரிக்காவிடம் நாம் கற்க வேண்டியது வேறொன்று. அங்கே ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு சாவையும் பரிசீலிக்கும்போது, தவிர்த்திருக்கக் கூடிய காரணங்களை மூன்றாகப் பிரித்து எழுதுகிறார்கள்: குடும்பத்தின் பக்கம் நேர்ந்தது, நிர்வாகத்தின் பக்கம் நேர்ந்தது, சிகிச்சை கொடுத்தவர்கள் பக்கம் நேர்ந்தது. இந்த எளிய பிரிவினை பெரிய காரியம் செய்கிறது. வண்டி வரவில்லை, ரத்தம் இல்லை, படுக்கை இல்லை, ஆள் இல்லை என்பதெல்லாம் நிர்வாகக் கட்டத்தில் ஏறியே ஆக வேண்டும். தாயின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

நம்மிடமே முன்மாதிரி இல்லையா? இருக்கிறது. பிரசவத்தில் தாய் இறந்தால் அந்தச் சாவைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும், ஆராய வேண்டும் என்பதில் இந்தியாவிலேயே முன்னால் நின்ற மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. 2001-03 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20 கணக்கில் அது 54. ஆய்வு மட்டும் இதைச் சாதிக்கவில்லை. ரத்த வங்கி, வண்டி, நர்ஸ் எல்லாம் சேர்ந்து சாதித்தன. ஆனால் எங்கே எது தேவை என்று காட்டியதில் ஆய்வுக்குப் பங்கு உண்டு. தாய்க்குச் செய்ததைக் குழந்தைக்கும் செய்ய என்ன தடை?

அவர்கள் சொல்லும் சாக்கு

"முடிவுகளை வெளியிட்டால் டாக்டர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்" என்பார்கள். நாம் எந்த டாக்டர் பெயரையும், எந்தத் தாயின் பெயரையும் கேட்கவில்லை. பெயர் ரகசியமாக இருக்கட்டும். காரணம் எதற்கு ரகசியம்? "மூன்று மாதத்தில் இத்தனை சாவு, இதில் இத்தனை தவிர்த்திருக்கலாம், இன்ன குறைக்கு இன்ன தேதிக்குள் இன்ன பரிகாரம்" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் யாருடைய மானம் போய்விடும்?

"வேலைப் பளுவில் ஆய்வுக்கு நேரம் ஏது?" என்பார்கள். உண்மைதான்! அந்த வேலைப் பளுவையே ஆய்வில் எழுதுங்கள் என்கிறோம். ஆள் பற்றாக்குறையால் இத்தனை குழந்தைகள் செத்தன என்று அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஆள் கேட்டுப் போராடும் நர்ஸ்களுக்கும் நமக்கும் அதைவிடப் பலமான ஆயுதம் எது?

"தாய்க்கு ரத்தசோகை, நாங்கள் என்ன செய்ய?" என்பார்கள். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 கணக்கெடுப்பே சொல்கிறது. 1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு 26 வாரச் சம்பள லீவு தந்தது. அது கம்பெனியில் பெயர் உள்ள பெண்ணுக்கு. வயலிலும் செங்கல் சூளையிலும் உழைக்கும் பெண்ணுக்கு எந்த முதலாளி லீவு கொடுக்கிறான்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி தவணை தவணையாகக் கைக்கு வருகிறது. பிரசவம் முடிந்த பிறகு வரும் தவணை கர்ப்பத்தில் சோறு போடுமா? குழந்தை எடை குறைந்து பிறந்ததென்றால், தாய்க்குத் தவணை எந்தத் தேதியில் வந்தது என்பதையும் ஆய்வுப் படிவத்தில் எழுதட்டும்!

நாம் கேட்பது என்ன?

1. சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், ஒவ்வொரு பச்சைக் குழந்தைச் சாவும், உயிரற்றுப் பிறந்த ஒவ்வொரு பிறப்பும் குறித்த நாட்களுக்குள் ஆராயப்பட வேண்டும்.

2. தாயிடமும் வீட்டாரிடமும் வாக்குமூலம் பெற வேண்டும். முடிவை அவர்களுக்குப் புரியும் பாஷையில் நேரில் சொல்ல வேண்டும். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைப்பவர்களுக்கு அவர்கள் பாஷையிலேயே சொல்ல வேண்டும்.

3. ஆய்வுக் கமிட்டியில் வேறு ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரும், வார்டில் வேலை பார்க்கும் நர்ஸும் இருக்க வேண்டும். தன் வழக்குக்குத் தானே நீதிபதி என்ற நிலை கூடாது.

4. வேறு இடத்திலிருந்து அனுப்பப்பட்ட குழந்தை இறந்தால், விசாரணை அனுப்பிய இடத்துக்கும் போக வேண்டும்.

5. ஒவ்வொரு பரிகாரத்துக்கும் பொறுப்பாளி, தேதி, தொகை குறிக்கப்பட வேண்டும். அடுத்த கூட்டம் முந்தைய கூட்டத்தின் பரிகாரம் நடந்ததா என்ற கேள்வியோடு தொடங்க வேண்டும்.

6. பெயர்களை நீக்கி, முடிவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில் ஒட்ட வேண்டும். கிராம சபையிலும் நகராட்சி மன்றத்திலும் வைக்க வேண்டும்.

7. உண்மை சொல்லும் ஊழியருக்குப் பாதுகாப்பு வேண்டும். காலி இடங்களை நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும்.

8. விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிப் பெண்ணுக்கும் கர்ப்ப காலத்திலேயே கூலியோடு ஓய்வு வேண்டும்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

இவை தானாக வந்துவிடாது. ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் பஞ்சப்படிக்கும் கூலி உயர்வுக்கும் போராடுவதுபோல இதற்கும் போராட வேண்டும். குழந்தையின் உயிர் மாதர் சங்கத்தின் விவகாரம் மட்டுமல்ல.

ஒவ்வொரு கிளையும் இப்போதே செய்யக்கூடியவை உண்டு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் சோதனை அட்டையைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். வலி வந்த நேரம், வண்டி வந்த நேரம், ஆஸ்பத்திரி சேர்ந்த நேரம், டாக்டர் பார்த்த நேரம் நான்கையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வையுங்கள். குழந்தை உயிரோடு பிறந்து இறந்தால் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத குழந்தைக்காக யாரும் வழக்காட முடியாது. அனுப்பிய சீட்டு, மருந்துச் சீட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள். துக்கத்தில் மூழ்கிய தகப்பனும் தாயும் தனியாக ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கக் கூடாது. சங்கத் தோழர்கள் இரண்டு பேர் உடன் நின்று, மரியாதையாக, ஆனால் உறுதியாகக் கேட்க வேண்டும்: "ஐயா, இந்தச் சாவை ஆய்வு செய்தீர்களா? தாயைக் கேட்டீர்களா? என்ன கண்டீர்கள்? என்ன செய்யப் போகிறீர்கள்?"

வரும் மே தினத்தன்று கிராம சபை கூடும் ஊர்களிலெல்லாம் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதித் தோழர்கள் நகராட்சி மன்ற உறுப்பினர்களையும் மாநகராட்சி உறுப்பினர்களையும் சந்தித்து, சென்ற ஆண்டு நம் பகுதியில் எத்தனை பச்சைக் குழந்தைகள் இறந்தன, எத்தனை சாவு ஆராயப்பட்டது, எத்தனை பரிகாரம் நிறைவேறியது என்று எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஜில்லா கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய்க் கேட்போம்.

சாவுக்குக் காரணம் சொல்வது சர்க்கார் நமக்குச் செய்யும் தயவு அல்ல. அது நம் உரிமை. அந்த உரிமையைப் பெற்றால், இந்த ஆண்டு ஆராயப்படும் ஒரு சாவு அடுத்த ஆண்டு பல தொட்டில்களைக் காப்பாற்றும். தாய்மாரே, தோழர்களே, கணக்குக் கேளுங்கள்! பதில் வரும் வரை விடாதீர்கள்!